அறிஞர் கையில் மைக்கைக் கொடுங்கள்: பிபிசிக்கு ஒரு திறந்த மடல்

பிபிசி வாரியத்தினருக்கும் உலக சேவையின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

நான் உங்கள் தமிழ் வானொலிச் சேவையான தமிழோசையின் பழைய நேயர். முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்திவிட்டு ஓய்வு பெற்றவன். 1993-ல் நீங்கள் ஒரு நல்ல காரியம் செய்தீர்கள். அதைத் திரும்பவும் செய்யுங்கள் என்று கேட்பதற்காகத்தான் இந்த மடல். நீங்கள் இயங்குவதற்கு அடிப்படையான அரச சாசனம் 2027 டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிகிறது. அடுத்த சாசனத்தில் என்ன இருக்க வேண்டும், எதற்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்று முடிவாவதற்குள் இது உங்கள் கைக்கு வந்து சேர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

அந்த வருஷம் முஸ்லிம் உலகத்தைப் பற்றி ஆறு பகுதித் தொலைக்காட்சித் தொடர் ஒன்றை ஒளிபரப்பினீர்கள். பெயர் 'லிவிங் இஸ்லாம்'. அந்தப் பொறுப்பை அக்பர் எஸ். அகமது என்ற மானுடவியல் அறிஞரிடம் கொடுத்தீர்கள். முஸ்லிம் வரலாறு பற்றி அவர் 1988-ல் எழுதிய நூல்தான் தொடருக்கு அடிப்படை. திரையில் வந்து பேசியவரும் அவரே.

லண்டனில் வேலை பார்த்த என் மச்சான் அதை டிவியிலிருந்து அப்படியே பதிவு செய்து வைத்திருந்தார். மறு வருஷம் ஊருக்கு வந்தபோது சாக்லேட், சென்ட் பாட்டில்களோடு மூன்று மணி நேரக் கேசட் இரண்டையும் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார். கேசட்டின் முதுகில் ஒட்டியிருந்த தாளில் நீல மையில் ஒன்று முதல் மூன்று, நான்கு முதல் ஆறு என்று எழுதியிருந்தது. எங்கள் வீட்டில் டெக் கிடையாது. ஒரு சனிக்கிழமை ராத்திரிக்கு வாடகைக்கு எடுத்தோம். சினிமாப் படம் போடப் போகிறார்கள் என்று நினைத்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் வந்து உட்கார்ந்தார்கள், கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவராக எழுந்து போய்விட்டார்கள். உம்மா மட்டும் போகவில்லை.

உம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. நான் பக்கத்தில் உட்கார்ந்து எனக்குப் புரிந்ததைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். தாயின் காலடியில் சொர்க்கம் இருக்கிறது என்ற வாசகத்தையே ஒரு பகுதிக்குத் தலைப்பாக வைத்திருந்தீர்கள். எங்கள் ஊரில் மதரஸாவுக்குப் போகிற சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த வாசகம் அது. நான் அதைச் சொன்னதும் உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "இத லண்டன்காரனா சொல்றான்?" என்று கேட்டார். பேசுகிறவர் முஸ்லிம்தான் என்றேன். "அப்ப சரி, நம்ம வீட்டுக்குள்ள நடக்கிறது அவருக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றார். டெக்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய நேரம் வரைக்கும் அசையாமல் பார்த்தார்.

உம்மா சொன்னது பாதிதான் சரி. முஸ்லிமாகப் பிறந்துவிட்டால் மட்டும் முஸ்லிம் உலகம் தெரிந்துவிடாது. எனக்கே அப்போது என் ஊர் ஜமாஅத்துக்கு வெளியே பெரிதாக ஒன்றும் தெரியாது. அக்பர் அகமதுக்குத் தெரிந்திருந்தது என்றால், அந்த மைக்குக்கு முன்னால் வந்து நிற்பதற்குள் அவர் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் செய்திருந்த வேலைதான் காரணம். அந்த வேலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நான் கேட்கப்போவதற்கு அதுதான் ஆதாரம்.

1943-ல் அலகாபாத்தில் பிறந்தவர். பிரிவினையின்போது நாலு வயதுப் பிள்ளையாகக் குடும்பத்தோடு பாகிஸ்தானுக்குப் போனார். லாகூரிலும் அப்புறம் இங்கிலாந்திலும் படித்துவிட்டு 1966-ல் பாகிஸ்தான் குடிமைப் பணியில் சேர்ந்தார். நம்முடைய ஐ.ஏ.எஸ். மாதிரியான வேலை. வெள்ளைக்காரன் காலத்து ஐ.சி.எஸ்.ஸிலிருந்து பிரிந்த இரண்டு கிளைகள் இவை. அதிகாரியாக இருந்துகொண்டே மானுடவியல் படித்தார். பாகிஸ்தானின் வடமேற்கு எல்லையில் வாழும் மொஹ்மந்த் பஷ்தூன்களை ஆராய்ந்து, 1978-ல் லண்டனில் கீழைத்தேய, ஆப்பிரிக்க ஆய்வுகளுக்கான கல்லூரியில் முனைவர் பட்டம் வாங்கினார். பட்டம் வாங்கிய கையோடு தெற்கு வசீரிஸ்தானுக்கு அரசியல் முகவராக, அதாவது அந்தப் பழங்குடிப் பகுதியை நிர்வகிக்கும் அரசு அதிகாரியாகப் போனார். 1980 வரை அங்கே இருந்தார். அதற்கு நடுவில், 1979 டிசம்பரில், சோவியத் படை எல்லைக்கு அந்தப்பக்கம் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தது. அதாவது, பிற்காலத்தில் உலகத்துச் செய்தியாளர்கள் எல்லாம் வரைபடத்தை விரித்துவைத்துத் தேடிய ஓர் இடத்தில், அவர்கள் தேடுவதற்கு இருபது வருஷம் முன்னாலேயே, வசீர், மெஹ்சூத் என்ற பங்காளிப் பழங்குடியினரோடு உட்கார்ந்து ஜிர்கா என்ற பஞ்சாயத்து பேசிக்கொண்டிருந்தவர்.

பஷ்தூன்களைப் பற்றி அவர் எழுதியதில் ஒரு விஷயம் என் மனதில் அப்படியே ஒட்டிக்கொண்டது. பஷ்தோ மொழியில் 'தர்பூர்' என்று ஒரு சொல். அப்பாவுடன் பிறந்தவரின் மகன் என்று பொருள். அதே சொல்லுக்கு எதிரி என்ற அர்த்தமும் உண்டு. நிலத்துக்கும் கௌரவத்துக்கும் தர்பூர்களுக்குள் நடக்கும் போட்டிக்கு 'தர்பூர்வாலி' என்று பெயர். ஆங்கிலத்தில் இதை விளக்க அவருக்கு ஒரு அத்தியாயமே வேண்டியிருந்தது. தமிழில் ஒரே தொடர் போதும்: பங்காளிக் காய்ச்சல். வரப்புக்காக அரிவாள் எடுத்த அண்ணன் தம்பி பிள்ளைகளை எந்தத் தமிழ்க் கிராமத்தில்தான் பார்த்ததில்லை? இதைப் படித்த அன்றைக்கு வசீரிஸ்தான் எனக்குப் பக்கத்து ஊராகிவிட்டது.

இதை வைத்துக்கொண்டு அவர் செய்ததைப் பாருங்கள். தெற்கு வசீரிஸ்தானில் வானா என்ற ஊர். அங்கே ஒரு முல்லா பெரிய பள்ளிவாசலைக் கட்டினார், அதையொட்டி ஒரு கடைத்தெருவை வளர்த்தார், வசீர்களைத் தன் பின்னால் திரட்டினார். கடைசியில் 1976-ல் அரசாங்கம் அந்தக் கடைத்தெருவையே இடித்துத் தரைமட்டமாக்கியது. அக்பர் அகமது பொறுப்பேற்றது இது நடந்து இரண்டு வருஷம் கழித்து. மேலோட்டமாகப் பார்த்தால் இது மதவெறி பிடித்த ஒரு முல்லா அரசாங்கத்தை எதிர்த்த கதை. அவர் உள்ளே போய்ப் பார்த்தார். நிர்வாகம் மெஹ்சூதுகளுக்குத்தான் சலுகை காட்டுகிறது என்று வசீர்களுக்கு இருந்த நெடுநாள் மனக்குறைதான் முல்லாவின் பலம் என்று கண்டார். மதத்தின் மொழியில் பேசப்பட்டது பங்காளிச் சண்டை. 1983-ல் இதை ஒரு புத்தகமாகவே எழுதினார்.

அதே வானாவுக்குப் பக்கத்தில்தான் 2004 ஜூன் 18-ஆம் தேதி, பாகிஸ்தானில் அமெரிக்க டிரோன் நடத்திய முதல் தாக்குதலில் நேக் முகம்மது என்ற வசீர் இளைஞர் கொல்லப்பட்டார். உலகத்துச் செய்திகளில் 'தாலிபான் தளபதி' என்று இரண்டு சொல்லில் அவர் கதை முடிந்தது. எந்தக் குலம், யாரோடு என்ன பகை, முப்பது வருஷம் முன்னால் அதே மண்ணில் என்ன நடந்தது என்பதெல்லாம் செய்திக்குள் வரவில்லை. அக்பர் அகமதோ 2013-ல் டிரோன் போரைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதி, உலகம் முழுக்க நாற்பது பழங்குடிச் சமூகங்களை ஒப்பிட்டு, மத்திய அரசுக்கும் விளிம்பில் வாழும் பழங்குடிக்கும் இடையே அறுந்துபோன உறவைத்தான் பார்க்க வேண்டும் என்று வாதாடினார். அந்த வாதத்தை முழுவதும் ஏற்க வேண்டியதில்லை. ஆனால், அந்த மண்ணை நிர்வாகம் செய்தவர், அதைப் பற்றி ஆய்வு எழுதியவர், மைக்குக்கு முன்னால் பேசத் தெரிந்தவர் என்ற மூன்றும் ஒரே ஆளிடம் எத்தனை தடவை கிடைக்கும்?

சரி, உங்கள் தொடருக்கு வருகிறேன். 1988-ல் அவர் கேம்பிரிட்ஜில், கவிஞர் இக்பால் பெயரில் உள்ள ஆய்வுப் பதவிக்கு வந்தார். அவர் வந்த நேரம் அப்படி. 1989 ஜனவரியில் பிராட்ஃபோர்டில் சல்மான் ருஷ்டியின் 'சாட்டனிக் வெர்சஸ்' நாவலை நடுத்தெருவில் கொளுத்தினார்கள். பிப்ரவரி 14-ல் ருஷ்டியைக் கொல்லச் சொல்லி ஈரானின் தலைவர் கொமேனியின் ஃபத்வா. 1991-ல் வளைகுடாப் போர். பிரிட்டனில் முஸ்லிம் என்றாலே கொளுத்துகிற கை, கத்துகிற வாய் என்று ஆகிவிட்டிருந்த காலம். ஊடகம் முஸ்லிம்களை எப்படிக் காட்டுகிறது, முஸ்லிம்களுக்கு ஏன் அந்த ஊடகத்தில் பதில் சொல்லத் தெரியவில்லை என்று 1992-ல் வெளியான நூலில் கோபத்தோடு எழுதினார். குறை சொன்னதோடு ஒதுங்கியிருக்கலாம். மறு வருஷமே அதே ஊடகத்துக்குள் வந்து ஆறு பகுதி நின்று பேசினார். அவரிடம் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். நீங்களும் பயப்படாமல் இடம் கொடுத்தீர்கள். அந்தச் சூழலில் அது சின்ன விஷயம் இல்லை.

தொடரோடு சேர்ந்து வந்த புத்தகத்துக்கு 'சமர்கந்து முதல் ஸ்டோர்னோவே வரை' என்று துணைத் தலைப்பு. சமர்கந்து எனக்குத் தெரியும், தைமூரின் தலைநகரம், வகுப்பில் நடத்தியிருக்கிறேன். ஸ்டோர்னோவே எங்கே இருக்கிறது என்று அட்லஸை எடுத்துத் தேடினேன். ஸ்காட்லாந்துக்கு மேற்கே, அட்லாண்டிக் கடலில், லூயிஸ் தீவில் ஒரு சின்னத் துறைமுக ஊர். நெடுங்காலம் ஞாயிற்றுக்கிழமை கடை திறக்காமல் இருந்த, கிறிஸ்தவக் கட்டுப்பாடு மிகுந்த ஊர். அங்கே பஞ்சாபிலிருந்து வந்து, துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக விற்றுப் பிழைத்த முஸ்லிம் குடும்பங்கள் பல பத்தாண்டுகளாக இருக்கின்றன. பிள்ளைகள் கேலிக் மொழி பேசி வளர்ந்தார்கள். அந்தத் தீவுகளுக்கு முதல் பள்ளிவாசல் 2018-ல்தான் வந்தது. இப்படி மூட்டை தூக்கிக்கொண்டு கடல் தாண்டிப் போய்க் கடை வைத்து, போன இடத்து மொழியைப் பேசப் பழகிய குடும்பங்கள் எங்கள் கடற்கரை முழுக்க உண்டு. முஸ்லிம் உலகத்துக்கு எல்லை வரைகிறபோது கெய்ரோவையும் மக்காவையும் தாண்டி ஸ்டோர்னோவேயில் கொண்டுபோய் முனையை வைக்க வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றியதே, அதற்குத்தான் படித்தவர் வேண்டும்.

அவரிடம் எனக்குக் குறையே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அரசியல் முகவர் என்ற பதவியே வெள்ளைக்காரன் வைத்துவிட்டுப் போனது. 1901-ஆம் வருஷத்து எல்லைப்புறக் குற்ற ஒழுங்குமுறைச் சட்டப்படி, ஒருவன் செய்த குற்றத்துக்கு அவன் குலத்தையே பிடித்து உள்ளே போடலாம், அவர்கள் வீடுகளை இடிக்கலாம். வக்கீலும் கிடையாது, மேல்முறையீடும் கிடையாது. குற்றப் பரம்பரைச் சட்டத்தைப் பார்த்த தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதன் கொடுமையை விளக்க வேண்டியதில்லை. வசீரிஸ்தானில் அது 2018 வரை நீடித்தது. அந்தச் சட்டத்தின் கைப்பிடியைப் பிடித்திருந்தவர் பழங்குடி மக்களின் குரலாகப் பேசும்போது, கேட்கிற எனக்கு உறுத்துகிறது. பாகிஸ்தான் அரசின் ஆள் என்று அவரை விமர்சித்தவர்களும் உண்டு. 1999-ல் அவர் லண்டனில் பாகிஸ்தான் தூதராகவும் வந்தார், ஒரு வருஷம்போல இருந்தார்.

மறுபக்கம், அவர் முன்னின்று எடுத்த ஜின்னா பற்றிய திரைப்படத்தில், டிராகுலாவாக நடித்த கிறிஸ்டோபர் லீயை ஜின்னாவாகப் போட்டதற்காகப் பாகிஸ்தான் பத்திரிகைகள் அவரைக் கிழித்தன. அரசாங்கம் தருவதாகச் சொன்ன பணத்தையும் நிறுத்தியது. இரண்டு பக்கமும் அடி வாங்கியவர். இந்தச் சிக்கல்களை எல்லாம் அவரிடமே கேட்கலாம், அவரும் பதில் சொல்லலாம். அதற்கு நேரம் வேண்டும். ஆறு பகுதி கொடுத்தால் ஓர் அறிஞரின் பலமும் தெரியும், பலவீனமும் தெரியும். மூன்று நிமிஷத்தில் இரண்டுமே தெரியாது.

2001 ஆகஸ்டில் வாஷிங்டனில் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் இப்னு கல்தூன் பெயரிலான பேராசிரியர் பதவிக்குப் போனார். சில வாரத்தில் செப்டம்பர் 11. அதற்குப் பிறகு அமெரிக்கத் தொலைக்காட்சிகள் அவரை விடவில்லை. எத்தனையோ நிகழ்ச்சிகள். அவை எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகத் தெரிவது இன்னொன்று. 2002-ல் அமெரிக்கப் பத்திரிகையாளர் டேனியல் பேர்லைக் கராச்சியில் கடத்திக் கொன்றார்கள். அவருடைய தகப்பனார் ஜூடியா பேர்ல், கணினி அறிவியலில் மிகப் பெரிய பெயர். பிள்ளையைப் பறிகொடுத்த அந்த யூதத் தகப்பனும், பிள்ளை கொல்லப்பட்ட நாட்டைச் சேர்ந்த இந்த முஸ்லிம் பேராசிரியரும் 2003 முதல் ஊர் ஊராகப் போய் ஒரே மேடையில் உட்கார்ந்து, கூட்டத்துக்கு முன்னால் பேசிக்கொண்டார்கள். ஒத்துப்போகாத இடங்களையும் மறைக்காமல் பேசினார்கள். ஒலிபரப்பு என்பதை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன். ஒருவர் தொண்டையிலிருந்து வருவது இன்னொருவர் காதுக்குள் போய்ச் சேர வேண்டும்.

அப்புறம் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு அமெரிக்காவில் எழுபத்தைந்துக்கும் மேற்பட்ட ஊர்களுக்குப் போனார், நூறு பள்ளிவாசல்களுக்கு மேல் ஏறி இறங்கினார். பிறகு ஐரோப்பாவுக்குப் போனார். போன இடமெல்லாம் கேமராவும் போனது. புத்தகமும் ஆவணப்படமும் சேர்ந்தே வந்தன. எழுபது வயதை நெருங்கிய, எழுபதைத் தாண்டிய வயதில் செய்த வேலை இது.

அவர் ஒருவர்தான் என்றும் இல்லை. உங்களிடமே ஜியாவுத்தீன் சர்தார் என்ற எழுத்தாளர் இருந்தார். எழுபதுகளில் ஜித்தாவில் ஹஜ் ஆய்வு மையத்தில் வேலை பார்த்தபோது, பழைய காலத்து ஹாஜிகள் எப்படிப் போயிருப்பார்கள் என்று அறிய, ஒரு கழுதையைப் பிடித்துக்கொண்டு ஜித்தாவிலிருந்து மக்காவுக்கு நடந்தே போனவர். 2011-ல் நீங்கள் ஒளிபரப்பிய நபிகள் வாழ்க்கை வரலாற்றுத் தொடருக்கு எழுத்து அவருடையது. நபியின் உருவத்தைக் காட்டாமலே மூன்று பகுதி எடுத்தீர்கள். அப்படி எடுக்க முடியும் என்று காட்டினீர்கள்.

இப்போது என் சின்ன அனுபவம் ஒன்று. சில வருஷங்களுக்கு முன்னால் வெளிநாட்டில் ஒரு பெரிய குண்டுவெடிப்பு. அன்றைக்குச் சாயங்காலம் ஒரு தொலைக்காட்சியிலிருந்து எனக்குப் போன் வந்தது. இஸ்லாமிய வரலாறு தெரிந்த ஒருவர் வேண்டும், நீங்கள் வர முடியுமா என்றார்கள். பழைய நோட்டுகளை எல்லாம் எடுத்துப் படித்துவிட்டுப் போனேன். சட்டையில் மைக்கைக் குத்தினார்கள், நாற்பது நிமிஷம் உட்கார வைத்தார்கள். கடைசியில் ஒரே கேள்வி: "இதை நீங்கள் கண்டிக்கிறீர்களா?" கண்டிக்கிறேன் என்றேன். அந்த அமைப்பு எங்கே எப்படித் தோன்றியது என்று சொல்ல வாயைத் திறந்தேன், விளம்பரம் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் என் பேத்தி கேட்டாள், "தாத்தா, அவங்க ஏன் உங்களத் திட்டுனாங்க?" அவர்கள் திட்டவில்லை. ஆனால் குழந்தைக்கு அப்படித்தான் தெரிந்தது.

உலகம் முழுக்க முஸ்லிம் உலகத்தைப் படித்தவர்களுக்கு இன்றைக்கு இதுதான் கதி. குண்டு வெடித்தால் கூப்பிடுகிறார்கள். மாலியில் ஒரு நூலகத்தின் பழைய கையெழுத்துப் பிரதிகள் காப்பாற்றப்பட்டால் கூப்பிடுவதில்லை. உங்கள் செய்தி அறைகளும் பல நேரம் இப்படித்தான் நடந்துகொள்கின்றன என்று ஒரு நேயராக வருத்தத்தோடு சொல்கிறேன்.

நீங்கள் ஆரம்பித்த விதம் வேறு. நீங்கள் ஒலிபரப்பிய முதல் வெளிநாட்டு மொழி அரபு. 1938 ஜனவரி 3. இத்தாலியின் பாரி நகரத்திலிருந்து முசோலினியின் வானொலி அரபியில் பேசிக்கொண்டிருந்ததற்குப் பதிலாக அதைத் தொடங்கினீர்கள். முதல் நாள் செய்தியிலேயே, பாலஸ்தீனத்தில் பிரிட்டிஷ் நிர்வாகம் ஓர் அரபியைத் தூக்கிலிட்டதைச் சொன்னீர்கள். உங்கள் அரசாங்கத்துக்கே சங்கடமான செய்தி. அதனால்தான் 'ஹுனா லண்டன்', இது லண்டன், என்று குரல் வந்தால் காது கொடுத்துக் கேட்டார்கள். அந்த அரபு சேவையில் நாடகப் பிரிவைக் கவனித்தவர் சூடானின் பெரிய நாவலாசிரியர் தையிப் சாலிஹ். எழுத்தாளரும் அறிஞரும் உங்களுக்கு வெளியிலிருந்து வரும் விருந்தாளிகளாக இல்லை. சம்பளப் பட்டியலில் இருந்தார்கள்.

2022 செப்டம்பரில் பத்து மொழிகளில் வானொலியை நிறுத்துவதாகவும் 382 பேரின் வேலை போவதாகவும் அறிவித்தீர்கள். அரபு, பாரசீகம், உருது, வங்காளம், இந்தோனேசியம், உஸ்பெக், கிர்கிஸ் என்று பத்தில் ஏழு மொழிகள் முஸ்லிம்கள் பெரும்பான்மையாகப் பேசுகிறவை. தமிழும் அந்தப் பத்தில் இருந்தது. எங்கள் தமிழோசையின் சிற்றலையை 2017 ஏப்ரல் கடைசியிலேயே நிறுத்திவிட்டீர்கள். இரவு ஒன்பதே காலுக்கு வாப்பா ஏரியலில் செம்புக் கம்பியைச் சுற்றி, மறுமுனையை ஜன்னல் கம்பியில் கட்டி, முள்ளை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி உங்களைப் பிடிப்பார். 1992 டிசம்பரில் ஊரே எங்கள் திண்ணையில் உட்கார்ந்து அயோத்தியில் என்ன நடந்தது என்று கேட்டது அந்தப் பெட்டியில்தான். அதனால் அரபுக்காரர்கள் என்ன இழந்தார்கள் என்று எங்களுக்குத் தெரியும்.

அரபு வானொலி 2023 ஜனவரி 27-ல் நின்றது. ஏப்ரல் 15-ல் சூடானில் போர் வெடித்தது. மே மாதம் சூடானுக்காக அவசரச் சிற்றலைச் சேவை ஒன்றைத் தொடங்க வேண்டியதாயிற்று உங்களுக்கு. நவம்பரில் காஸாவுக்காக இன்னொன்று. லெபனானில் அரபு சேவை ஒலித்த அலைவரிசையில் இப்போது ரஷ்யாவின் ஆதரவு பெற்ற வானொலி பேசுகிறது என்று உங்கள் அப்போதைய தலைமை இயக்குநரே 2024 அக்டோபரில் சொன்னார். பாரி வானொலிக்குப் பதில் சொல்லப் பிறந்த குரல் எழுந்துபோன நாற்காலியில் வேறொரு நாட்டின் வானொலி வந்து உட்கார்ந்திருக்கிறது. பணம் இல்லை என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால், அவசரத்துக்குத் திறக்கிற சேவையால் செய்தி வாசிக்க முடியும், தர்பூர்வாலியை விளக்க முடியாது. அதற்கு வருஷக்கணக்கில் ஆளை வைத்திருக்க வேண்டும்.

ஆகவே நான் கேட்பது இவைதான். அடுத்த சாசனத்தில், அந்தந்த மண்ணின் மொழி தெரிந்து, களத்தில் வேலை செய்த ஆய்வாளர்களை நிகழ்ச்சியை நடத்துகிறவர்களாகவே பணியமர்த்த ஓர் ஏற்பாடு செய்யுங்கள். வருஷத்துக்கு இரண்டு பேர் போதும். ஆளுக்கு ஆறு பகுதி, ஆளுக்கு ஒரு நல்ல தயாரிப்பாளர். ஹவுஸா தெரிந்த நைஜீரியப் பெண் ஒருவர் கானோ சந்தையைப் பற்றிப் பேசட்டும். இந்தோனேசியாவின் ஆச்சேயிலிருந்து ஒருவர் சுனாமிக்குப் பிறகு தன் ஊர் மாறிய விதத்தைச் சொல்லட்டும். அவர்களை ஆங்கிலத்தோடு நிறுத்தாமல் உங்கள் மற்ற மொழிகளுக்கும் கொண்டுபோங்கள், தமிழ் உட்பட. அன்றைக்கு உம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் செய்த வேலையை நீங்கள் இன்னும் நன்றாகச் செய்ய முடியும்.

இன்னொன்று, உங்கள் காப்பகத்தில் இருக்கும் முஸ்லிம் உலகம் பற்றிய தொடர்களை எல்லா நாட்டாரும் பார்க்கும்படி திறந்துவிடுங்கள். 'லிவிங் இஸ்லாம்' முதலில் வரட்டும். முப்பது வருஷம் முன்னால் எடுத்தது, சில இடங்களில் பழசாகியிருக்கும். அதனால் என்ன? ஆப்கானிஸ்தானில் தாலிபானுக்கு முன்னால், நியூயார்க்கில் கோபுரங்கள் விழுவதற்கு முன்னால், முஸ்லிம் உலகத்தைப் பற்றி ஒரு முஸ்லிம் அறிஞர் உலகத்தோடு எந்தக் குரலில் பேசினார் என்று இன்றைய பிள்ளைகள் கேட்க வேண்டும். என் பேத்தி கல்லூரியில் வரலாறு எடுத்திருக்கிறாள். அவளிடம் காட்ட ஆசை.

அந்த இரண்டு கேசட்டும் இன்னும் என் பீரோவில் இருக்கின்றன. போன மாதம் எடுத்துப் பார்த்தேன். கடற்கரை ஊர் ஈரத்தில் நாடாவின் ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருக்கிறது. டெக் சரி செய்கிற கடை ஒன்றும் எங்கள் பக்கத்தில் இப்போது இல்லை. இரண்டாவது கேசட், நான்கு முதல் ஆறு, முதல் கேசட் அளவுக்குக் கெடவில்லை. உங்கள் காப்பகத்தில் ஏதாவது பகுதி குறைந்தால் சொல்லுங்கள், பஞ்சில் சுற்றி அனுப்பிவைக்கிறேன்.

அன்புடன்,
தமிழோசையின் பழைய நேயர் ஒருவர்